இரங்கூனில் முன்னோர் தடம்

கடல் கடந்த தமிழர் வரலாற்றில் இரங்கூனுக்குத் தனியிடம் உண்டு. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. 1941 டிசம்பர் 23-ஆம் நாள் சப்பானியர் குண்டு பொழிந்தனர். கப்பலில் இடம் பெற்றோர் சிலர். அரக்கான் மலைவழியாகவும், தாமு கடந்து மணிப்பூர் வழியாகவும் கால்நடையாய் வந்தோர் மிகப் பலர். வழியில் மாண்டோரும் பலர். வீட்டையும் பத்திரத்தையும் துறந்து வந்தோர், தெருவின் பெயரை மட்டும் நெஞ்சில் சுமந்து வந்தனர்.

அப்பெயரைக் கொண்டு இன்று அங்கே தேடப் புகுவோர் திகைப்பர். டல்ஹௌசி தெரு மகா பந்தூலா சாலையாயிற்று; பிரேசர் தெரு அனோரதா சாலையாயிற்று; மொகல் தெரு சுவே பொந்தா தெருவாயிற்று. 1989-இல் நகரின் பெயரே யாங்கோன் என மாறிற்று. ஆயினும் எண்ணால் வழங்கிய தெருக்கள் இன்றும் எண்ணாலேயே வழங்குகின்றன. பாட்டியார் பேச்சினிடையே சொல்லும் தெரு எண் ஒன்று, பேரனை அத்தெரு முனையில் கொண்டு நிறுத்தும். அனோரதா சாலையில் தமிழர் எழுப்பிய காளி கோயிலும் அடையாளம் காட்ட நிற்கிறது.

ஆதலின், பிற மாநிலங்களில் வாழும் நாம் முதியோரை அமர்த்திக் கேட்போம்: எத்தெரு, எக்கோயில் அருகே, என்ன தொழில், எவ்வழியாக மீண்டனர்? விடையை இன்றே எழுதி வைப்போம். பத்திரம் இழந்த குடும்பங்களுக்கு அவர்தம் நினைவே பத்திரம். அதற்கு வேறு படி இல்லை.