விளக்குச் சரமும் அதனைக் காக்கும் நெறியும்

மனிதன் விழாக் கொண்டாடக் கற்ற நாள் தொட்டு விளக்கேற்றி வருகின்றான். ஏற்றும் பொழுது வீட்டார் அனைவரும் கூடி நிற்பர். அணைத்துக் கழற்றும் பொழுதோ அருகில் நிற்பவர் ஒருவருமிலர். சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள மார்சிலிங்கின் அடுக்குமாடி வீடுகளிலும், சிராங்கூன் சாலைப் பக்கத்து இல்லங்களிலும், தீபாவளிக்குக் கட்டிய சரம் கிறிஸ்துமஸ் வரையில் ஒளிர்வதுண்டு. பின்னர் அது ஒரு பையில் திணிக்கப்படும். அன்றேல் குப்பையோடு குப்பையாய்ப் போகும். மறு ஆண்டு புதிய சரம் வாங்கக் கூலிப் பணத்தில் ஒரு பகுதி கரையும். இச்சிறு பொருளின் வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு செய்யத் துணியார் என்பது நம் கருத்து. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

மின்சாரம் வருமுன் ஐரோப்பியர், சிறப்பாக ஜெர்மானியர், கிறிஸ்துமஸ் மரத்தின் கிளைகளில் மெழுகுவத்திகளைப் பொருத்தி ஏற்றினர். உலர்ந்த மரம், திறந்த சுடர், சுற்றிலும் குழந்தைகள்! வாளியில் நீர் நிரப்பி அருகில் வைத்துக்கொண்டே அவர்கள் மகிழ வேண்டியிருந்தது. அங்ஙனமிருந்தும் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. மின் விளக்குச் சரம் அழகு ஒன்றற்காக மட்டும் தோன்றியதன்று. அது அச்சத்தைப் போக்கவும் வந்ததாகும்.

1882-ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் தொடக்கம் எனலாம். அவ்வாண்டு நவம்பரில் லண்டன் சவாய் நாடக அரங்கில், தேவதைகளாக நடித்த பெண்டிர் சிறு மின் விளக்குகளை அணிந்து மேடையேறினர். அடுத்த திங்கள் 22-ஆம் நாள், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கிலுள்ள தம் வீட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 பல்புகளை மரத்தில் கட்டி ஒளிரச் செய்தார். மரம் தானே சுழன்றது, கண்டோர் வியந்தனர். எனினும் அக்காலத்தில் சரமாகக் கோத்த விளக்கு கடையில் கிடையாது. மின் வேலை அறிந்தவரைக் கூலிக்கு அமர்த்தி, ஒவ்வொரு விளக்கையும் கையால் கம்பியில் பிணைத்தல் வேண்டும். செல்வர்க்கன்றி அஃது இயலுமோ?

1903-ஆம் ஆண்டளவில் கோத்த சரங்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. ஒரு சரத்தின் விலை 12 டாலர்; அஃது அந்நாட்டுத் தொழிலாளியின் ஏறத்தாழ ஒரு வாரக் கூலியாகும். வாங்க இயலாதோர் வாடகைக்கு எடுத்தனர். வாங்கியவரோ அதனைப் பொன்னே போல் போற்றிப் பெட்டியிலிட்டுக் காத்தனர். பொருள் அரிதாயிருந்தபோது பேணுதல் இயல்பாயிற்று. பொருள் மலிந்தபோது பேணுதல் மறைந்தது.

இனி நம் ஊரை நோக்குவோம். சிங்கப்பூர் வீதிகளில் 1864-இல் வாயு விளக்கு வந்தது. 1905-இல் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. அதற்கென மெக்கென்சி சாலையில் அமைந்த மின் நிலையத்திலிருந்தே 1906-இல் நகரின் முதல் மின்சார வீதி விளக்குகள் ஒளி பெற்றன. இன்று லிட்டில் இந்தியா எனப்படும் பகுதிக்கு அது கூப்பிடு தூரம். ஆயினும் வடக்கேயிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம்மவரின் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் புகைந்துகொண்டிருந்தது. மார்சிலிங் என்னும் பெயரே, ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெருஞ்செல்வரான லிம் நீ சூன் அவர்களின் சீனநாட்டுப் பூர்விக ஊரைக் குறிப்பதென்பர். தோட்டமும் கம்பமும் இருந்த அவ்வட்டாரத்தில் 1970-ஆம் ஆண்டுகளில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஸ்விட்சைத் தட்டினால் ஒளி என்னும் நிலை ஏழைக்கும் வாய்த்தது. 1984-இல் ஆர்ச்சர்ட் சாலையில் கிறிஸ்துமஸ் ஒளியூட்டும், 1985-இல் சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டும் தொடங்கின. வீதியில் கண்ட ஒளியை வீட்டிலும் காண மக்கள் விரும்பினர், அவ்விருப்பம் குற்றமன்று.

விளக்கு திடீரென அணைந்தால் அபசகுனம் என்று அஞ்சும் வழக்கம் நம்மிடையே இன்றும் மறையவில்லை. சரம் முழுவதும் ஒரே நொடியில் இருண்டால் கேட்க வேண்டுமோ? ஆனால் காரணம் எளிது. பழைய அமெரிக்கச் சரத்தில் 15 வோல்ட்டு கொள்ளும் எட்டு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு, வீட்டின் 120 வோல்ட்டை எட்டாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒன்றில் இழை அறுந்தால் வழி அறும், எட்டும் இருளும். பின்னர் வந்த சிறு பல்புகளில், இழை அறுந்தாலும் மின்சாரம் கடந்துசெல்ல மாற்றுவழி அமைத்தனர். 1962-இல் நிக் ஹோலன்யாக் செந்நிற ஒளியுமிழ் டயோடைப் படைத்தார். நீல நிறத்தை அளித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர் 2014-இல் நோபெல் பரிசு பெற்றனர். இன்றைய சரங்கள் அவர்கள் உழைப்பின் பயன். அவற்றிலும் விளக்குகள் பகுதி பகுதியாகத் தொடுக்கப்படுவதால், ஒரு பகுதி மட்டும் இருளக் காண்கிறோம். கெட்டது காலமன்று, கம்பியே என்க.

சரம் சிக்குவதற்கும் விதியைக் குறை கூறுவர். 2007-இல் டக்ளஸ் ஸ்மித், டோரியன் ரேமர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், கயிற்றைப் பெட்டியிலிட்டுச் சுழற்றி 3,415 முறை சோதித்தனர். சில நொடிகளிலேயே முடிச்சு விழக் கண்டனர். 120 வகை முடிச்சுக்களை இனங்கண்டனர். ஏறத்தாழ 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றில் முடிச்சு விழவில்லை. கயிறு நீண்டு, நெகிழ்ந்து, அசைய இடம் பெற்றிருந்தால் முடிச்சு விழுதல் இயற்கை. அசையவிடாமல் சுற்றி வைத்தால் முடிச்சில்லை. பையில் திணித்த சரம் மறு ஆண்டு நம் பொறுமையைச் சோதிப்பதன் மருமம் இதுவே.

எனவே காக்கும் நெறி வருமாறு: கழற்றுமுன் ஒருமுறை ஏற்றிப் பார்த்துக் கெட்ட விளக்குகளைக் குறித்துக்கொள்க. ஸ்விட்சை நிறுத்தி, கம்பியைப் பற்றி இழுக்காமல் முனையைப் பிடித்தே பிடுங்குக. மாற்றத்தகும் பல்பை உடனே மாற்றுக. உறை கிழிந்து செம்பு தெரியும் சரத்தை மீண்டும் பயன்படுத்தற்க. தாழ்வாரத்தில் தொங்கியது மழைச்சாரலும் தூசும் ஏற்றிருக்கும். துடைத்து நன்கு உலர்த்துக. ஒன்றரைச் சாண் நீளமுள்ள தடித்த அட்டையின் ஓரத்தில் பிளவிட்டு, சரத்தின் கடைநுனியை அதில் செருகித் தளர்வாகச் சுற்றுக. முனை வெளியே நிற்குமாதலால், அடுத்த ஆண்டு முழுதும் அவிழ்க்காமலே சோதிக்கலாம். ஓர் அட்டைக்கு ஒரு சரமே தகும். நீளத்தையும் கட்டிய இடத்தையும் எழுதி ஒட்டி, எலியும் கரப்பானும் புகாத மூடிய பெட்டியில், வெப்பமும் பாரமும் தாக்காதவாறு வைக்க. இது வீட்டுப் பெண்டிர் வேலை என ஆடவர் ஒதுங்குதல் தகாது. ஏணியேறிக் கட்டியவர்க்கே கழற்றிச் சுற்றும் கடமையும் உண்டு.

எறிந்த சரம் எங்குச் செல்கிறது? அமெரிக்கர் எறிந்த சரங்கள் கப்பலேறிச் சீனத்துக் குவாங்டுங் மாநிலத்திலுள்ள ஷிஜியாவ் என்னும் ஊரைச் சென்றடைந்த செய்தி 2011-இல் உலகறிய வெளிவந்தது. முற்காலத்தில் அங்குச் செம்பைப் பெறுவதற்காக உறையை எரித்தனர். அப்புகையை உண்டவர் தொழிலாளரே. பின்னர் நறுக்கி, நீரில் அலசிப் பிரிக்கும் முறை வந்தது; உறை செருப்பின் அடியாயிற்று. சிங்கப்பூரிலும் 2021 ஜூலை முதல் மின்பொருட் கழிவுகளைத் தனியே திரட்டும் ஏற்பாடு சட்டப்படி நடைபெறுகின்றது. பழுதுற்ற சரத்தை வீட்டுக் குப்பையிலிடாது, அதற்குரிய தொட்டியின்மேல் எழுதியுள்ள பட்டியலைப் படித்தறிந்து இடுதல் அறிவுடைமை.

விளக்குச் சரத்திற்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் அதே சரம் ஒளிரும். அண்டை வீட்டார் திருமணத்திற்கு இரவல் கொடுத்தாலும் ஒளிரும். ஒருகாலத்தில் ஒரு வாரக் கூலிக்கு நிகராயிருந்த பொருள் இன்று சில வெள்ளிக்குக் கிடைக்கிறது என்பதனால் அதன் பின்னுள்ள உழைப்புக் குறைந்துவிடவில்லை. ஏற்றத் தெரிந்த நாம் காக்கவும் கற்போமாக. அரைமணிப் பொழுதும் ஓர் அட்டைத் துண்டுமே அதற்கு வேண்டுவன.