மூங்கில் பூத்தது, எலிப்படை எழுந்தது



வீட்டுத் தோட்டத்தில் எலி புகுந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பொறி வைக்கிறோம், பூனையை நம்புகிறோம், கடைசியில் மருந்து வைக்கிறோம். நாலு அவரைக்கொடியும் இரண்டு பாத்தி கிழங்கும் பாழானால் ஒரு நாள் வருந்துகிறோம். மறுநாள் சந்தையில் வாங்கிக்கொள்கிறோம். டில்லியிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர்க்கு எலித்தொல்லை பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஆனால், தோட்டமே உணவாகவும் உணவே உயிராகவும் உள்ள மக்களிடம் எலி வந்தால் என்ன ஆகும்? நம் நாட்டின் வடகிழக்கு எல்லையில், ஒரு மலைநாட்டின் வரலாற்றையே எலி திருப்பிவிட்ட கதை உண்டு. அதுவே இன்றைய நம் பேச்சின் பொருள்.

இன்று மிசோரம் என்று வழங்கும் அந்த மலைநாடு முன்னர் லுஷாய் மலைகள் எனப் பெயர் பெற்றிருந்தது. 1954ஆம் ஆண்டில் அப்பெயர் மாறி மிசோ மாவட்டம் ஆயிற்று. அப்போது அது அசாம் மாநிலத்தின் ஒரு பகுதி. மலைச்சரிவுகளில் மூங்கிற் காடு அடர்ந்திருக்கும். மழைக்கு முன்னர் ஒரு சரிவை வெட்டி, உலர்த்தி, எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் விதைப்பார்கள். நம் குறிஞ்சி நிலத்துப் புனம் போன்றதே அது. அதை மிசோ மக்கள் 'லோ' என்பர். நெல்லோடு சோளமும் மிளகாயும் பூசணியும் வெள்ளரியும் ஒரே புனத்தில் வளரும். வயலும் அதுவே, தோட்டமும் அதுவே. ஐப்பசி, கார்த்திகையில் கதிர் அறுத்தால் அடுத்த அறுவடை வரைக்கும் அதுதான் சோறு.

அந்த மலைகளில் பெரும்பகுதியை மூடி நிற்பது ஒரே வகை மூங்கில். மிசோ மொழியில் அதற்கு 'மௌடாக்' என்று பெயர். அது ஆண்டுதோறும் பூப்பதில்லை. ஏறத்தாழ 48 ஆண்டுகள் பூவாமல் நின்று, பிறகு மலைத்தொடர் முழுதும் ஒருசேரப் பூத்துக் காய்த்து மடிந்துவிடும். காய் சிறியதன்று, பேரிக்காய் அளவுக்குச் சதைப்பற்றுள்ளது. கோடிக்கணக்கான காய்கள் தரையில் விழுந்து குவியும்.

இங்கே நமக்கு ஓர் ஒப்புமை தோன்றுகிறது. பறம்பு மலையின் வளத்தைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு விளைபொருள்களில் முதலாவதாக மூங்கில் நெல்லைச் சொன்னார் என்பதைப் புறநானூறு படித்தவர் அறிவர். மூங்கிலரிசியை நம் மலைமக்கள் இன்றும் உணவாகவும் மருந்தாகவும் கொள்கின்றனர். ஆகவே மூங்கில் பூத்தல் என்பது தமிழ் மரபில் ஒரு கொடை. மிசோ மரபிலோ அது சாவின் அறிகுறி. மூங்கில் வகை வேறு, காய் வேறு, அதை உண்ண வரும் உயிர் வேறு. அங்கே வருவது எலி.

காட்டில் வழக்கமாக எலிகளின் தொகையைக் கட்டுப்படுத்துவது உணவுப் பற்றாக்குறைதான். பெண் எலி மூன்று வாரம் சினை காக்கும். ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் போடும். அக்குட்டிகள் மூன்று மாதத்திற்குள்ளாகவே தாமும் ஈனத் தொடங்கும். உணவு குறைந்த காலத்தில் இந்தப் பெருக்கம் தானே அடங்கிவிடும். மூங்கிற் காய் குவிந்து கிடக்கும் ஆண்டிலோ அந்தத் தடை நீங்கிவிடுகிறது. ஈற்றின்மேல் ஈற்றாக எலிகள் பெருகுகின்றன. பின்னர் ஒருநாள் காய்கள் தீர்ந்துவிடும்; எஞ்சியவை முளைத்துவிடும். காட்டில் இரை இல்லை. அதே சமயத்தில் புனங்களில் நெல் பால் பிடித்து முற்றிக்கொண்டிருக்கும். எலிப்படை காட்டை விட்டுப் புனத்தில் இறங்குகிறது. மாலையில் அசைந்தாடிய கதிர், விடிந்தால் வெறும் தாளாக நிற்கும்.

மூங்கில் ஏன் இவ்வாறு செய்கிறது? அமெரிக்க உயிரியல் அறிஞர் டேனியல் ஜான்சன் 1976ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சிறிது சிறிதாகக் காய்த்தால் விதை தின்னும் உயிர்கள் அனைத்தையும் தின்றுவிடும்; நெடுநாள் காத்திருந்து ஒரே சமயத்தில் கொட்டினால் தின்று தீர்க்க இயலாமல் எஞ்சிய விதை முளைக்கும் என்பது அவர் கருத்து. மூங்கில் தன் குலத்தைக் காத்துக்கொள்கிறது. அதற்கான விலையை அடிவாரத்துப் புனக்காரன் கொடுக்கிறான்.

இந்தப் பஞ்சத்தை மிசோ மக்கள் 'மௌடாம்' என்றழைத்தனர். மூங்கிலின் மடிவு என்பது அச்சொல்லின் பொருள். இதனோடு, 'திங்டாம்' என்று வேறோர் இன மூங்கில் பூப்பதால் வரும் பஞ்சமும் உண்டு. இவற்றின் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1862இல் மௌடாம், 1881இல் திங்டாம், 1911இல் மௌடாம், 1929இல் திங்டாம். மௌடாமுக்குப் பின் ஏறக்குறைய 18 ஆண்டில் திங்டாம். அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டில் மீண்டும் மௌடாம். 1881இல் மலையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் கச்சார் சமவெளிக்கு இறங்கி அரிசி தேடியதை ஆங்கிலேய அதிகாரிகள் பதிவு செய்திருக்கின்றனர். இந்தக் கணக்கு ஏட்டில் பிறந்ததன்று. எழுத்து வழக்கம் வருமுன்னரே பாட்டன் பேரனுக்குச் சொல்லிச் சொல்லி வந்தது. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் மௌடாமை ஒரு முறையோ, மிஞ்சினால் இரு முறையோதான் காண்பான். ஆகவே முதியோர் நினைவே அந்நாட்டின் பஞ்சாங்கம்.

அந்தப் பஞ்சாங்கப்படி அடுத்த மௌடாம் 1959ஆம் ஆண்டை ஒட்டி வரவேண்டும். மிசோ மாவட்டக் கவுன்சில் இதை அறிந்திருந்தது. 1958 அக்டோபரில் அது ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மூங்கில் பூக்கப் போகிறது, எலிகள் பெருகும், பஞ்சம் வரும். முன்னேற்பாடாக நிவாரணத்திற்கு 15 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று அசாம் அரசைக் கேட்டுக்கொண்டது. வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. மலைமக்களின் பரம்பரை நம்பிக்கையை ஆதாரமாக வைத்துப் பஞ்சத்தை முன்னறிவிப்பது அறிவியல் நெறிக்கு ஒவ்வாது என்று அரசு கருதியது.

அரசாங்கக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு இத்தகைய மறுப்பு புதிதன்று. வராத பஞ்சத்திற்குப் பணம் ஒதுக்க விதிகளில் இடம் தேடுவது எளிதன்று என்பதும் உண்மையே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலைமக்கள் கூறியது குறியோ சோதிடமோ அன்று. மூங்கில் பூக்கும், காய் விழும், எலி பெருகும், பயிர் அழியும் என்று காரண காரியத் தொடர்பை வரிசையாகச் சொன்னார்கள். பல தலைமுறை கண்டு சோதித்த உண்மை அது. அதற்கு நம்பிக்கை என்று ஒரு பெயரிட்டதும் அதன் மதிப்புக் குறைந்துபோயிற்று. ஒரு சொல்லின் தேர்வு ஒரு மாவட்டத்தின் சோற்றைத் தீர்மானித்தது.

1959இல் மூங்கில் பூத்தது. எலிகளும் வந்தன. எலி வாலுக்குத் தலா 40 காசு வெகுமதி என அறிவிக்கப்பட்டது. மக்கள் மூங்கிலையும் கல்லையும் கொண்டு தாமே செய்த பொறிகளை வைத்துப் பிடித்தனர். ஏறத்தாழ 20 இலட்சம் எலிகள் கொல்லப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறது. அப்படியும் புனங்கள் தப்பவில்லை. மக்கள் காட்டுக் கிழங்குகளையும் இலைகளையும் தேடி அலைந்தனர். சாலைகள் அரிதாயிருந்த அம்மலைகளுக்கு விமானத்திலிருந்து உணவு மூட்டைகள் போடப்பட்டன. ஆனால் உதவி காலந்தாழ்ந்து வந்தது, போதுமானதாகவும் இல்லை.

வாலுக்கு வெகுமதி என்னும் முறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1902இல் வியட்நாமின் ஹனோய் நகரில் பிரெஞ்சு ஆட்சியினர் இதே முறையைக் கையாண்டனர். வால்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன; எலிகளோ குறையவில்லை. வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு எலியை மீண்டும் ஓடவிட்டவர்கள் இருந்தனர். வெகுமதிக்காகவே எலி வளர்த்தவர்களும் இருந்தனர். மிசோ மக்கள் தம் சொந்தச் சோற்றுக்காகப் போராடியவர்கள். அவர்கள்மீது அப்பழி சுமத்த இயலாது. எனினும் பாடம் பொதுவானது. எலிகள் பெருகிய பிறகு கொல்வது, பெருக்கெடுத்த ஆற்றைக் குடத்தால் இறைப்பது போன்றது. பெருகுமுன் செய்வதே பயன் தரும். பெருகுமுன் செய்வதற்கோ முன்னறிவு வேண்டும். அந்த முன்னறிவைத்தான் 1958இல் நாம் தள்ளிவிட்டோம்.

பசி அடங்கியது, மனக்கசப்பு அடங்கவில்லை. பஞ்ச நிவாரணத்திற்காக 1960இல் மிசோ தேசியப் பஞ்ச முன்னணி என்ற அமைப்புத் தோன்றியது. இளைஞர்கள் அரிசியைத் தோளில் சுமந்து தொலைவான சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றனர். மக்களின் நன்றியைப் பெற்றனர். அவ்வாண்டிலேயே அசாமில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அசாமிய மொழி பேசாத மலைமக்களின் அச்சம் வளர்ந்தது. 1961 அக்டோபரில் அமைப்பின் பெயரிலிருந்து 'பஞ்சம்' என்ற சொல் உதிர்ந்து, அது மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. அதன் தலைவர் லால்டெங்கா. முன்னாள் படைவீரரான அவர், மாவட்டக் கவுன்சில் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். தனிநாடு அவ்வமைப்பின் கோரிக்கையாயிற்று.

1966 மார்ச் முதல் நாள் அம்முன்னணி சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஆயுதக் கிளர்ச்சி மூண்டது. அம்மாதம் 5ஆம் நாள் ஐசால் நகர்மீது விமானத் தாக்குதல் நடந்தது. அடுத்த ஆண்டு முதல் சிற்றூர்கள் பல கலைக்கப்பட்டு, மக்கள் சாலையோரக் குடியிருப்புகளில் ஒருங்கே வைக்கப்பட்டனர். புனங்கள் தரிசாயின. இருபது ஆண்டுகள் இருதரப்பிலும் உயிர்கள் மாய்ந்தன. 1986 ஜூன் 30ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1987 பிப்ரவரியில் மிசோரம் தனி மாநிலமாயிற்று. அந்த அமைதி இன்றளவும் நிலைத்திருப்பது நம் நாடு பெருமைகொள்ளத்தக்க செய்தி.

ஒரு கிளர்ச்சிக்கு ஒரே காரணம் உண்டென்று சொல்வது வரலாறாகாது. மொழி, இனம், எல்லை, புறக்கணிப்பு என்று காரணங்கள் பல. ஆயினும் அவற்றையெல்லாம் மூட்டிவிட்ட பொறி எதுவெனில், கேட்டபோது கிடைக்காத அரிசிதான். 15 இலட்ச ரூபாயை மிச்சப்படுத்திய அந்த முடிவுக்குப் பின்னர் நாடு கொடுத்த விலையை எந்தக் கணக்கப்பிள்ளையால் எழுதிமுடிக்க இயலும்?

1977ஐ ஒட்டித் திங்டாம் வந்தது. அடுத்த மௌடாம் 2006 முதல் 2008 வரை வந்தது. இம்முறை யாரும் அதைக் கட்டுக்கதை என்று கூறவில்லை. மூங்கில் பூப்பதற்கு முன்னரே மைய அரசும் மாநில அரசும் திட்டம் தீட்டின. பூக்குமுன் மூங்கிலை வெட்டிப் பயன்படுத்தவும், எலி அதிகம் விரும்பாத இஞ்சி, மஞ்சள் முதலியவற்றைப் பயிரிடவும் உழவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். வாலுக்கு வெகுமதியும் மீண்டும் வந்தது. ஆஸ்திரேலிய அறிஞர் கென் ஆப்லின் அம்மலைகளிலேயே தங்கி எலிப் பெருக்கத்தை ஆராய்ந்தார். முதியோர் சொல்லிவந்த காரண காரிய வரிசை ஆராய்ச்சியிலும் உறுதிப்பட்டது. இம்முறையும் பயிர் அழியாமல் இல்லை. துன்பம் இல்லாமலும் இல்லை. ஆனால் சாலை இருந்தது, அரிசிக் கடை இருந்தது, கேட்டால் பதில் சொல்ல ஒரு மாநில அரசு இருந்தது. பசி, போராக மாறவில்லை.

பழைய கணக்கின்படி அடுத்த திங்டாமுக்கு உரிய ஆண்டு 2025ஐ ஒட்டியது. அடுத்த மௌடாம் 2055ஐ ஒட்டி வரவேண்டும். மூங்கில் தன் கணக்கை மறப்பதில்லை. மனிதர்தாம் மறக்கின்றனர்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, தோட்டத்துக்குரியது. எலியின் தொகையைத் தீர்மானிப்பது பொறியன்று, இரை. சிந்திய தானியத்தையும் உதிர்ந்த காயையும் குப்பைக் குவியலையும் அகற்றாமல் பொறியை மட்டும் வைப்பவர், பிடித்த எலிக்கு ஈடாகப் புதிய எலியை வளர்க்கிறார். அதுவும் ஒரு வீட்டார் மட்டும் செய்தால் பயனில்லை. எலிக்கு வேலி தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் எம்மொழி பேசுபவராயினும், அவரோடு கலந்து, ஒரே காலத்தில், எலிகள் பெருகுமுன் செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது பாடம் அதனினும் பெரியது. நாம் குடியேறி வாழும் ஒவ்வோர் ஊரிலும் அந்த மண்ணை நெடுநாள் உழுதவர்கள் இருக்கிறார்கள். எந்த மழைக்கு எந்த ஏரி உடையும், எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூச்சி வரும் என்பதை அவர்கள் தம் மொழியில், தம் பழமொழிகளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அது விளங்காதபோது மூடநம்பிக்கை என்று தோன்றலாம். அவ்வாறு முடிவுகட்டுமுன், அவர்கள் கண்டது என்ன, எத்தனை முறை கண்டார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம். 1958ஆம் ஆண்டில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் மிசோ மலைகளின் வரலாறு வேறுவிதமாக அமைந்திருக்கக்கூடும்.