உட்சட்டகம் (சிற்பக்கலை)

உட்சட்டகம் அல்லது ஆர்மேச்சர் என்பது களிமண், மெழுகு போன்ற மென்மையான பொருள்களைக் கொண்டு உருவம் வனையும்போது, அப்பொருளை உள்ளிருந்து தாங்கி நிற்கும் எலும்புக்கூடு போன்ற அமைப்பு ஆகும். கம்பி, இரும்புக் குழாய், மரம், வைக்கோல் முதலியவற்றால் இது செய்யப்படுகிறது. நின்ற நிலையிலுள்ள மனித உருவத்தைக் களிமண்ணில் வனைவதற்கு இது இன்றியமையாதது. உருவத்துக்கு வார்ப்பு எடுத்த பின்னர், களிமண்ணை நீக்கிவிட்டு அதே சட்டகத்தை அடுத்த உருவத்துக்கும் பயன்படுத்தலாம்.

தேவை

ஈரக் களிமண்ணுக்குத் தன் எடையைத் தானே தாங்கும் வலிமை குறைவு. நின்ற உருவத்தில் உடலின் எடை முழுவதும் இரண்டு மெல்லிய கணுக்கால்கள் வழியே இறங்குகிறது. 60 செ.மீ. உயரமுள்ள உருவத்துக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் களிமண் தேவைப்படும். உயரத்தை இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகி 40 கிலோகிராமை எட்டும். ஆனால் கணுக்காலின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு மட்டுமே கூடும். எனவே உருவம் பெரிதாகப் பெரிதாக உட்சட்டகத்தின் தேவையும் கூடுகிறது.

எல்லா மண் உருவங்களுக்கும் உட்சட்டகம் தேவையில்லை. தமிழ்நாட்டு ஐயனார் கோயில்களில் காணப்படும் சுடுமண் குதிரைகள், சுவர் எழுப்புவது போல உள்ளீடற்றவையாக வனையப்பட்டுச் சுடப்படுகின்றன. உலோகச் சட்டகம் உள்ளே இருந்தால் இவ்வாறு சுட முடியாது. களிமண் உலரும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. இதனால் மண்ணில் வெடிப்பு ஏற்படும். ஆகவே உட்சட்டகத்தின் மீது வனையப்பட்ட உருவத்தை நிலைபெறச் செய்ய வார்ப்பு எடுப்பதே வழியாகும்.

அமைப்பு

மீண்டும் பயன்படுத்தத்தக்க சட்டகம் மூன்று பகுதிகளைக் கொண்டது.

1. அடிப்பலகை: தடித்த ஒட்டுப்பலகை. நீர் ஊறாதிருக்க இதற்கு வண்ணம் அல்லது மெருகெண்ணெய் பூசப்படும்.
2. தாங்கு குழாய்: பலகையில் திருகப்பட்டு, உருவத்துக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் இரும்புக் குழாய். இதன் மேல்முனையிலுள்ள குறுகிய கிடைக்கரம் உருவத்தின் இடுப்புக்குப் பின்புறம் நுழைகிறது. எடையைக் குழாய் தாங்குவதால் கால்களின் நிலையைப் பின்னர் மாற்றவும் இயலும்.
3. கம்பி உருவம்: முறுக்கிய அலுமினியக் கம்பியால் ஆன தலை, முதுகெலும்பு, கை, கால்கள். இது கிடைக்கரத்துடன் கழற்றத்தக்க திருகாணியால் இணைக்கப்படும். அலுமினியம் எளிதில் வளையும், துருப்பிடிக்காது. சாதாரண இரும்புக் கம்பி ஈர மண்ணில் துருப்பிடித்து மண்ணைக் கறைப்படுத்தும்.

மார்பு, இடுப்பு போன்ற பருமனான பகுதிகளில் மண் வழுக்கி இறங்காமலிருக்க, சிறு மரத்துண்டுகள் இரண்டைக் குறுக்காகக் கட்டிக் கம்பியில் தொங்கவிடுவர். சிற்பிகள் இதனை 'வண்ணத்துப்பூச்சி' என்று அழைப்பர்.

வனையும் முறை

முதலில் உருவத்தின் அளவுகள் வரையறுக்கப்படும். முழு உயரம் தலையின் உயரத்தைப் போல ஏழரை மடங்கு எனக் கொண்டால், 60 செ.மீ. உருவத்தின் தலை 8 செ.மீ. ஆகும். உயரத்தின் நடுப்புள்ளி கால்கள் பிரியும் இடத்துக்கு அருகிலும், முழங்கால் தரையிலிருந்து ஏறத்தாழக் கால் பங்கு உயரத்திலும் அமையும்.

அடுத்து, மண் இடுவதற்கு முன்பே கம்பி வளைக்கப்பட்டு நிலை தீர்மானிக்கப்படும். எடை ஒரு காலில் நிற்குமாயின், அப்பக்க இடுப்பு உயர்ந்தும் தோள் தாழ்ந்தும் இருக்கும். கம்பி ஒவ்வோர் உறுப்பின் நடுவிலும் செல்ல வேண்டும். இவ்விடத்தில் நேரும் பிழை பல நாட்கள் கழித்தே வெளிப்படும். முழங்கையிலோ கணுக்காலிலோ கம்பி மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும்போது, முடிந்த பகுதியையும் வெட்டித் திருத்த நேரிடும்.

மண் சிறு உருண்டைகளாக அழுத்தி ஏற்றப்படும். பெரிய பருமன்கள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சரியாக அமைந்த பின்னரே முகம், விரல் முதலிய நுணுக்கங்கள் செய்யப்படும். வேலை இல்லாத நேரத்தில் ஈரத்துணியாலும் நெகிழித்தாளாலும் உருவம் மூடி வைக்கப்படும். எண்ணெய்க் களிமண் உலராது. எனினும் அதன் பல வகைகளிலுள்ள கந்தகம், பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் அச்சுப்பொருளை இறுகவிடாது.

வார்ப்பும் சட்டகத்தை மீட்டலும்

ஒரே ஒரு படி போதுமெனில் உடைப்பு அச்சு முறை பின்பற்றப்படும். மெல்லிய பித்தளைத் தகடுகளைக் களிமண்ணில் வரிசையாகச் செருகி, அச்சு முன், பின் எனப் பிரிக்கப்படும். பிரிவுக்கோடு, குழாய் உருவத்தினுள் நுழையும் இடத்தின் வழியே செல்ல வேண்டும். அவ்வாறாயின் அச்சின் பகுதிகள் குழாயில் சிக்காமல் விலகும். முதல் பூச்சாக நிறமிட்ட பாரிஸ் சாந்தும், அதன்மேல் தடித்த வெண்சாந்தும் இடப்படும்.

சாந்து இறுகிய பின் அச்சு பிரிக்கப்பட்டுக் களிமண் தோண்டி எடுக்கப்படும். திருகாணியைக் கழற்றினால் கம்பி உருவமும் விடுபடும். அச்சின் உட்புறம் கழுவப்பட்டு, சவர்க்காரம் பூசப்பட்டு, சாந்தால் நிரப்பப்படும். பின்னர் அச்சு உளியால் உடைக்கப்படும். நிறப் பூச்சு தென்பட்டதும் சிற்பம் அருகில் உள்ளது எனச் சிற்பி உணர்ந்து மெதுவாகக் கொத்துவார்.

வரலாற்றில்

ஓகுஸ்ட் ரோடான் 1860களில் வனைந்த ஒரு களிமண் தலை குளிர்காலத்தில் உறைந்து, அதன் பின்பகுதி உடைந்து விழுந்தது. எஞ்சிய முகமே 'மூக்குடைந்த மனிதன்' என்னும் புகழ்பெற்ற படைப்பாயிற்று. 1877 இல் காட்சிக்கு வைக்கப்பட்ட அவரது 'வெண்கல யுகம்', உயிருள்ள உடலின் மீதே நேரடியாக அச்செடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளானது.

எட்கர் டேகா 1881 இல் காட்சிப்படுத்திய 'பதினான்கு வயதுச் சிறு நடனப்பெண்' மெழுகால் ஆனது. அதன் உள்ளே குழாய், கம்பி, கயிறு ஆகியவற்றுடன் ஓவியத் தூரிகைகளும் இருப்பதை ஊடுகதிர்ப் படங்கள் காட்டின. இத்தகைய தற்காலிகச் சட்டகங்களால் அவருடைய உருவங்கள் பல சிதைந்தன. 1917 இல் அவர் இறந்தபோது, பல உருவங்கள் உடைந்த நிலையிலேயே கிடைத்தன.

கொல்கத்தாவின் குமார்துலியில் துர்க்கை உருவங்கள் மரம், மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி, அதன் மீது களிமண் பூசிச் செய்யப்படுகின்றன. நீரில் கரைக்கப்பட்ட பின் 'காட்டாமோ' எனப்படும் இச்சட்டம் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டு மீண்டும் பயன்படுவதுண்டு. மாறாக, சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938 இல் அமைத்த 'சந்தால் குடும்பம்' போன்ற கற்காரைச் சிற்பங்களில் சட்டகம் நிலையாக உள்ளேயே தங்கிவிடுகிறது.

பாதுகாப்பு

உலர்ந்த களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைப் பாதிக்கும். எனவே பணியிடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பாரிஸ் சாந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடுவதால், அதனுள் கையை வைத்திருந்தால் கடுமையான தீப்புண் ஏற்படலாம். மீட்ட களிமண்ணில் சாந்துத் துகள்கள் கலந்திருந்தால் அதனைச் சுடுமண் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. சூளையில் சுட்ட பொருள் வெடிப்புறும்.

இவற்றையும் பார்க்கவும்

- சுடுமண் சிற்பம்
- மெழுகு வார்ப்பு முறை
- பாரிஸ் சாந்து