முதலிடம் கொடுப்பது யார்?



கோலா சாவா வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்குத் தரம் பிரிப்பது புதிய செய்தியன்று. புகையூட்டிய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, குமிழியும் கறையும் பூஞ்சையும் உண்டா என்று கண்ணால் பார்த்துத் தரம் போட்டார்கள். 1965-இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தது. அதன்படி ஆய்வுக்கூடத்தில் அழுக்கின் அளவைச் சோதித்துத் தரம் குறித்தார்கள். மரம் அதே மரம், அளவுகோல்தான் வேறு.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஒன்றைத் தேடும்போதும் இதுவே நடக்கிறது. கூகுளில் முதலில் நிற்கும் தளம், பிங்கில் நான்காவதாக நிற்கலாம். காரணத்தை அறிய, தேடுபொறிகள் வளர்ந்த கதையைச் சற்றுப் பார்ப்போம்.

1994-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் தளங்களைத் தாங்களே பார்த்துப் பட்டியலிட்டார்கள். அதுவே யாகூ ஆயிற்று. 1995-இல் வந்த ஆல்டாவிஸ்டாவில் இயந்திரமே பக்கங்களைப் படித்தது. தேடிய சொல் எங்கே, எத்தனை முறை வருகிறது என்று பார்த்தது. உடனே சிலர் ஒரே சொல்லை நூறு முறை எழுதி முன்னே வரப் பார்த்தார்கள்.

1996-இல் சீனரான ராபின் லீ, 1998-இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் வேறு வழி கண்டார்கள். ஒரு பக்கத்தை மற்றப் பக்கங்கள் எத்தனை சுட்டிக்காட்டுகின்றன என்று கணக்கிட்டார்கள். கூகுளின் கணக்கில், பலர் மதிக்கும் பக்கம் சுட்டினால் மதிப்பு அதிகம். ஊர்ப் பெரியவர் சொல்லும் சாட்சிக்கு எடை கூடுவதைப் போல. அதே 1998-இல் கோடூ என்னும் தேடுபொறி, அதிகப் பணம் கொடுப்பவருக்கே முதலிடம் கொடுத்தது!

தமிழுக்கு இன்னொரு துன்பமும் இருந்தது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் வெவ்வேறு குறியீடுகளில் அமைந்திருந்தன. நம் கண்ணுக்கு 'அம்மா' ஒரே சொல். இயந்திரத்துக்கோ வெவ்வேறு சொற்கள். பக்கம் இருந்தும் தேடினால் அகப்படாது. யூனிகோடு என்னும் பொதுக் குறியீடு பரவிய பின்னரே அக்குறை பெரிதும் நீங்கியது.

ஆகவே, பிள்ளையின் உபகாரச் சம்பளமோ, சேமநிதிப் பணமோ, மருந்தோ, எதைத் தேடினாலும் முதல் வரியோடு நின்றுவிட வேண்டாம். அது விளம்பரமா, யாருடைய தளம் என்று பார்ப்போம். இன்னொரு தேடுபொறியிலும் கேட்போம். முதலில் நிற்பதெல்லாம் முதல் தரம் அன்று. அளவுகோல் யார் கையில் என்று அறிந்தவரே ஏமாறாதவர்.