பள்ளி என்றால் புகலிடம்

மலர்க்குழு நண்பர் ஒருவர் கடைக்கு வந்து, "என்ன நயினார், இந்த வருஷமும் சமணக் கல்வெட்டுதானே?" என்று சிரித்தார். "ஆமாங்க, கல்வெட்டுதான். ஆனா இந்தத் தடவை அதுல பூட்டும் கதவும் வரும்" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1979இல் பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்து, அல்சூர் பக்கம் பூட்டு, தாழ்ப்பாள், கீல், கிரில் சாமான் விற்று வயிறு வளர்த்தவன். கடை மூடிய பிறகு படித்ததுதான் என் படிப்பு. பிழை இருந்தால் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள்க.

சொல்லும் பொருளும்

நம் பிள்ளைகளைத் தினமும் 'பள்ளிக்கூடம்' அனுப்புகிறோம். பள்ளி என்ற சொல்லுக்குப் படுக்கை என்பது ஒரு பழைய பொருள். மலைக்குகைகளில் துறவியருக்காக வெட்டிய கற்படுக்கைகளைச் சித்தன்னவாசல் முதலிய இடங்களில் இன்றும் காணலாம். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. அவர்கள் தங்கிய இடத்திலேயே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் அறிவித்தார்கள். அதனால்தான் கற்கும் இடத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது என்பதை மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'சமணமும் தமிழும்' என்ற நூலில் விளக்கியுள்ளார்கள்.

திருக்கோயிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு 'பளி'யைக் கொடையாக அளித்த செய்தியைச் சொல்கிறது. பளி என்பது பள்ளியே. அதே வட்டாரத்தில் பிற்காலச் சோழர் காலத்தில் 'அஞ்சினான் புகலிடம்' என்ற பெயரில் ஓர் இடம் இருந்தது. உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவன் யாராயினும் அவனைக் காக்க வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. பள்ளியும் புகலிடமும் ஒரே மண்ணில் அமைந்தது ஈண்டு நோக்கத்தக்கது.

எங்கள் சமயத்தில் இல்லறத்தானுக்கு நான்கு தானங்கள் விதிக்கப்பட்டுள்ளன: உணவு, மருந்து, கல்வி, அபயம். அபயம் என்றால் அச்சத்திலிருந்து காப்பது. என் சிற்றறிவுக்கு எட்டிய வரை, கல்வியையும் அபயத்தையும் பிரித்துக் கொடுக்க முடியாது. பயந்து நடுங்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது. உயிரோடு வீடு திரும்பாத பிள்ளைக்கு எழுத்து எதற்கு?

வேடல் ஊராரின் உறுதிமொழி

எங்கள் ஊர்ப் பக்கம் வேடல் என்றொரு சிற்றூர். கல்வெட்டில் அதன் பெயர் விடால். அங்கே மலையில் பெண் துறவியர் நடத்திய பள்ளி இருந்தது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது 885ஆம் ஆண்டு வாக்கில் பொறித்த கல்வெட்டு ஒன்று அங்குள்ளது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார். அவருடைய மாணவியர் கூட்டத்துக்கும் மற்றொரு கூட்டத்துக்கும் பகை மூண்டது. உடனே ஊரார் கூடி, குரத்தியாரையும் அவர் மாணவியரையும் நாங்களே காத்துச் சோறிடுவோம் என்று உறுதி எழுதிக் கொடுத்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்த ஊரார் முதலில் எழுதிக் கொடுத்தது காவலுக்கு. மண்டபம் கட்டித் தருவோம் என்றோ, எங்கள் பெயரைப் பொறித்து வையுங்கள் என்றோ அவர்கள் தொடங்கவில்லை. பள்ளிப் பாதுகாப்பு என்று இன்று நாம் பேசுவதற்குத் தமிழில் இதைவிடப் பழைய சாசனம் என் கண்ணில் படவில்லை.

தண்டுத் தமிழரும் பள்ளிகளும்

பெங்களூர்த் தண்டுப் பகுதியில் குடியேறிய தமிழர் பிழைப்போடு பள்ளியையும் கொண்டு வந்தவர்கள். ஆற்காடு நாராயணசாமி முதலியார் வணிகமும் கட்டட ஒப்பந்தமும் செய்து பொருள் ஈட்டியவர். அவர் 1873இல் இங்கே ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறமாக இன்றும் நிற்கிறது. எங்கிருந்தோ வந்த வணிகன் வந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி தானம் செய்த வரலாறு நமக்குப் பெருமை. அந்த வழியில்தான் நாமும் பள்ளிகளுக்கு மேசை, மின்விசிறி, மேடை என்று கொடுத்து வருகிறோம்.

மூன்று தீ

1981 பிப்ரவரி 7, சனிக்கிழமை. எனக்கு வயது இருபது, கடையில் வேலைக்காரப் பையன். பகல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியது. பார்க்க வந்திருந்தவர்களில் பெரும்பகுதி பிள்ளைகள். தீயிலும் நெரிசலிலும் 90க்கு மேற்பட்டோர் மாண்டார்கள், அவர்களிலும் பிள்ளைகளே அதிகம். அன்று மாலை முதலாளி கடையைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும், "நம்ம புள்ளைங்க எல்லாம் வந்துடுச்சா?" என்று எண்ணிப் பார்த்தார்கள்.

1995 டிசம்பர் 23. ஹரியானா மாநிலம் தப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. சாமியானாவில் மின்கசிவால் தீ. வெளியேற ஒரே வாசல். 440க்கு மேல் உயிர்கள் போயின. அவற்றில் பாதிக்கு மேல் பிள்ளைகள். பாட்டும் நடனமும் பார்க்கப் போன பெற்றோரும் கூடவே போனார்கள். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் நாம் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய நாள் இது.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெரு. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், எழுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள். சத்துணவு சமைத்த கூரைக் கொட்டகையில் எழுந்த தீ, மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கக் குறுகலான படிக்கட்டு ஒன்றுதான். 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். பித்தளைச் சாமான் வாங்கக் கும்பகோணம் போய்வரும் வழக்கம் எனக்கு உண்டு. அடுத்த மாதம் போனபோது, பேச்சு நிற்காத பாத்திர வியாபாரி சரக்கை நிறுத்துப் போட்டாரே தவிர வாய் திறக்கவில்லை. நானும் விலை பேசாமல் வாங்கி வந்தேன்.

நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பத்தாண்டு கழித்து 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றும், பதினொருவரைக் குற்றமற்றவர் என்றும் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் சில தண்டனைகளை நீக்கியும் சிலவற்றைக் குறைத்தும் விட்டது. பெற்றோர் ஆண்டுதோறும் ஜூலை 16இல் விளக்கேற்றுகிறார்கள்.

கும்பகோணத்துக்குப் பின் ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் தொடுத்த அவ்வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்றே பொருள் என்று நீதிமன்றம் சொன்னது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எதுவானாலும் தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியருக்கு அதைக் கையாளும் பயிற்சி வேண்டும், கட்டடம் விதிப்படி இருக்க வேண்டும். கல்வி தானமும் அபய தானமும் ஒன்று என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதைத்தான் நீதிபதிகள் சட்ட மொழியில் சொன்னார்கள் என்று எனக்குப் பட்டது.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1958 டிசம்பர் 1 அன்று ஒரு மாதாகோயில் பள்ளியில் தீப்பற்றி 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள். அந்தப் பள்ளி சட்டத்தை மீறவில்லை. பழைய கட்டடம் என்பதால் புதிய விதிகளிலிருந்து விலக்கு பெற்றிருந்தது, அவ்வளவுதான். சட்டப்படி சரி என்பதும் பிள்ளை பத்திரம் என்பதும் வேறு வேறு என்று அந்த நாடு அன்று கற்றது.

நான் கொடுத்த கதவு

இனி எழுதப்போவது என் குற்றம். கும்பகோணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றுக்கு என் தாயார் நினைவாக இரும்பு கிரில் கதவு செய்து கொடுத்தேன். மாடிப்படி இறங்கும் இடத்தில் மாட்டினார்கள். கனமான கதவு, உள்பக்கம் இழுத்துத் திறப்பது, திண்டுக்கல் பூட்டு ஒன்றும் என் கடையிலிருந்தே. அம்மா பெயர் பொறித்த பித்தளைப் பலகை நடுவில் பளபளத்தது. காலை மணி அடித்ததும் பூட்டி, மாலையில்தான் திறப்பார்கள். பிள்ளைகள் நடுவில் ஓடிவிடக் கூடாது என்பது காரணம். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். நானும் மகிழ்ந்தேன்.

2004 ஜூலையில் கும்பகோணச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. கூட்டம் நெருக்கும்போது உள்பக்கம் இழுக்கும் கதவு திறக்காது. முன்னால் நிற்கும் பிள்ளை இழுக்க முடியாது, பின்னால் வரும் பிள்ளை தள்ளும். கீல் விற்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். வெளியேறும் வாசல் கதவு வெளிப்புறம்தான் திறக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது. ஆனால் கதவு செய்தபோது நான் பிள்ளைகளை நினைக்கவில்லை. பலகை நிமிர்ந்து தெரிய வேண்டும் என்பதைத்தான் நினைத்தேன்.

மறுநாள் போய்க் கதவைக் கழற்ற வேண்டும் என்றேன். பள்ளிக்காரர், "உங்க அம்மா பேர் இருக்கே சார், எப்படிக் கழட்டறது?" என்றார். மரியாதைக்காகச் சொன்னார், தவறில்லை. "அம்மா இருந்திருந்தா முதல்ல அவங்களே கழட்டச் சொல்லியிருப்பாங்க" என்றேன். கழற்றிய கதவை வெளிப்புறம் திறக்குமாறு மாற்றி, பூட்டுக்குப் பதில் உள்ளிருந்து பிள்ளையே நீக்கக்கூடிய தாழ்ப்பாள் வைத்தேன். இன்னொரு பக்கம் இரண்டாம் படிக்கட்டும் கட்ட வேண்டும் என்றபோது, நன்கொடை சேர்ப்பது கடினமாயிற்று. படிக்கட்டில் யார் பெயர் எழுதுவது? மேடைக்குப் பணம் கொடுக்க முன்வந்தவர்கள் படிக்கட்டுக்கு யோசித்தார்கள். மூன்று ஆண்டு பிடித்தது.

இன்றைய அச்சம்

தீ மட்டுமே அச்சமன்று. 2014 ஜூலையில் இந்நகரில் சிறுமி ஒருத்திக்குப் பள்ளிக்குள்ளேயே நேர்ந்த கொடுமைக்காகப் பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். அதன்பின் கேமரா, ஊழியர் பின்னணி விசாரணை என்று கட்டுப்பாடுகள் வந்தன. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்கு இழைத்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் சொல்லாமல் மறைப்பதும் குற்றம். 2023 டிசம்பர் 1 அன்று பெங்களூர்ப் பள்ளிகள் பலவற்றுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பொய் மிரட்டல்தான். ஆனால் அன்று காலை பெற்றோர் ஓடிய ஓட்டத்தை நான் கடை வாசலில் நின்று பார்த்தேன்.

இப்படி ஒவ்வொரு செய்திக்கும் மறுநாள் என் கடையில் பூட்டு வியாபாரம் கூடும். "இன்னும் பெரிய பூட்டா குடுங்க" என்பார்கள். அச்சம் நியாயமானது. வெளியாள் உள்ளே வராமல் வாசலில் காவல் வேண்டும், வருவோர் பெயர் எழுத வேண்டும். ஆனால் வெளியிலிருந்து அடைத்த கதவு, உள்ளிருக்கும் பிள்ளைக்கு ஒரு கணத்தில் திறக்க வேண்டும். பூட்டு கேட்டு வரும் பள்ளிக்காரரிடம் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, "சாவி யார்கிட்ட இருக்கும்?" என்பதே. பதில் தயங்கி வந்தால் பூட்டு விற்பதில்லை. மகன் கோபித்துக்கொள்கிறான். பரவாயில்லை.

வேண்டுகோள்

நம் சங்கம் இனிப் பள்ளிக்கு ஏதும் கொடுக்கும் முன் உறுப்பினர் இருவர் அங்கே போய்ப் பார்த்து வரட்டும். மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி உண்டா? வாசல் கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன? தீயணைப்புக் கருவியை எப்போது நிரப்பினார்கள்? சமையலறை வகுப்பிலிருந்து விலகி இருக்கிறதா? ஆண்டு விழாப் பந்தலில் எத்தனை வாசல்? தனக்கு நேர்ந்ததைப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? ஆறுக்கும் பதில் வந்த பிறகு மேடையைப் பற்றிப் பேசலாம். பதில் வராத இடத்தில் நம் பணம் முதலில் படிக்கட்டுக்கும் கதவுக்கும் போகட்டும், பெயர்ப் பலகை இல்லாமல்.

வேடல் ஊரார் கல்லில் எழுதியது ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. எழுதிய ஊராரின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்? அவர்கள் கொடுத்த வாக்குத்தான் தெரிகிறது. என் அம்மாவின் பித்தளைப் பலகை இப்போது எங்கள் வீட்டுப் பூசையறையில் இருக்கிறது. கதவு பள்ளியில் இருக்கிறது, வெளிப்புறம் திறக்கிறது.

வாழ்க தமிழ். வளர்க பள்ளிகள், அச்சமின்றி.