பந்தியில் சமத்துவம்

1803-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் வாஷிங்டனிலுள்ள தம் மாளிகையில் ஒரு விருந்தளித்தார். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் புதிய தூதர் ஆந்தனி மெரி துரையும் அவர்தம் மனைவியாரும் அதற்குச் சென்றனர். அங்கே எவரும் எவரையும் வைதாரில்லை. ஆயினும் அன்று மூண்ட மனக்கசப்பு இரு நாடுகளின் கடிதப் போக்குவரத்திலும் பல மாதம் புகைந்தது.

மெரியின் மனம் முன்னமே புண்பட்டிருந்தது. நவம்பர் 29-இல் முதன்முதல் ஜனாதிபதியைக் காணச் சென்றபோது, அவர் அரசாங்க உடுப்பும் உடைவாளுமாக நின்றார். ஜனாதிபதியோ வீட்டுடையில், குதிகால் மடங்கிய செருப்புடன் வந்தார். எளிமை ஜெபர்சனின் வழக்கமே. ஆனால் அவர் நெஞ்சிலும் ஒரு பழைய முள் இருந்தது. 1786-இல் லண்டன் சென்ற தம்மை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மதியாது நடத்தினாரென்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

விருந்துக்கு வருவோம். முதல் மரியாதை தம் மனைவிக்கே என்று மெரி எண்ணியிருந்தார். ஜெபர்சன் வெளிநாட்டு மந்திரி மாடிசனின் மனைவியைக் கைப்பற்றி அழைத்துச் சென்றார். ஸ்பெயின் தூதர் மனைவியின் பக்கத்தில் மெரி அமரப் போனார். ஒரு சட்டசபை அங்கத்தினர் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்! அதே பந்தியில் பிரெஞ்சுப் பிரதிநிதியும் இருந்தார். பிரிட்டனும் பிரான்சும் அவ்வாண்டு மே முதல் போரிட்டுக்கொண்டிருந்தன. ஸ்பெயின் தூதருக்கும் மனக்குறை உண்டு. பிறருக்குக் கொடுப்பதில்லை என்ற வாக்கின்பேரில் ஸ்பெயின் பிரான்சுக்குத் தந்த லூசியானா நாட்டை, நெப்போலியன் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்.

நான்கு நாட்களுக்குப்பின் மாடிசன் வீட்டு விருந்திலும் இதே கதை. மெரி தாமே மனைவியை அழைத்துச் சென்று அமர்த்தினார். பிறகு அரசாங்க விருந்துகளுக்குப் போவதையே நிறுத்தினார். ஜெபர்சன் சளைக்கவில்லை. உள்நாட்டார், வெளிநாட்டார், பட்டம் பெற்றோர், பெறாதோர் யாவரும் கூட்டத்தில் சமமே என்று விதி வகுத்தார். 1804-இல் உபஜனாதிபதி ஆரன் பர், அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பிரிக்கும் திட்டத்தோடு மெரியை நாடினார். மெரி அதை லண்டனுக்கு ஆர்வத்துடன் எழுதினார். நாற்காலிச் சண்டை மட்டுமே இதற்குக் காரணமென்று நாம் சொல்லோம். அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கப்பல்கள் பிடித்துச் செல்லும் வழக்கு முதலியனவும் இருந்தன. லண்டன் பணம் தரவில்லை.

துரைக்கு நாற்காலி, தொழிலாளிக்கு நிற்குமிடம் என்ற முறையைத் தோட்ட ஆபீசுகளில் கண்ட நம்மவர் ஜெபர்சன் பக்கமே சாய்வர். முதலில் படித்தபோது நாமும் சாய்ந்தோம். பிறகுதான் அடுப்படியை எட்டிப் பார்த்தோம்.

அம்மாளிகையின் தலைமைச் சமையற்காரர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவரிடம் வேலை பழக, ஜெபர்சனின் மாண்டிசெல்லோத் தோட்டத்திலிருந்து 1802-இல் கொண்டுவரப்பட்டவர் எடித் பாசெட், வயது 15, ஜெபர்சனின் அடிமை. 1806-இல் எடித்தின் கணவர் ஜோசப் உத்தரவின்றித் தோட்டத்தைவிட்டு வாஷிங்டன் வந்தார். ஜெபர்சன் ஆளனுப்பினார். மாளிகையை விட்டு வெளியேறுகையில் ஜோசப் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்.

ஜெபர்சன் 1826-இல் இறந்தார். அவர் உயில் ஜோசப்பை விடுவித்தது. எடித்தையும் பிள்ளைகளையும் விடுவிக்கவில்லை. 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் அவர்கள் ஏலத்தில் விற்கப்பட்டனர்.