நின்ற இடம்

எனக்கு நினைவு தெரிந்த நாளில் பென்னலூரில் போட்டோ என்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் உரிய காரியம். மற்றபடி வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் போய், ஸ்டூடியோவில் மூச்சடக்கி உட்கார வேண்டும். தெருவில் போகிறவனைப் படம் எடுக்கலாம், எடுக்கிறவன் தன்னையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் யாருக்கும் தோன்றியதில்லை. இன்று விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், பஸ் வருவதற்குள் நாலு தடவை தங்களைப் படம் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். இதைக் கேலி செய்வது நம் எழுத்தாளர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. எனக்கு அந்தக் கேலியில் சம்மதமில்லை. ஏன் என்று சொல்ல இரண்டு பேரைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலாமவர் உம்ராவ் சிங் ஷேர்-கில் (1870–1954). ஓவியர் அம்ரிதாவின் தந்தை. பஞ்சாபின் மஜீதியா பிரபு குடும்பம். சம்ஸ்கிருதம், பாரசீகம், வான சாஸ்திரம், யோகம் என்று விரிந்த மனம். வாலிபத்திலிருந்து முதுமை வரை தன்னைத் தானே படமெடுத்தார். 1930இல் 15 நாள் உபவாசத்துக்குப் பின் வெற்றுடம்போடு எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்தவர் மறக்க முடியாது. பெருமிதமும் சோர்வும் ஒரே உடம்பில். இந்தியாவில் சுயம் பற்றிய நவீனப் பிரக்ஞை காமிராவுக்குள் வந்த இடங்களில் இது முக்கியமானது. ஆனால் இந்தப் படங்களுக்கு ஒரு அறை தேவைப்பட்டது. கதவைச் சாத்திக்கொள்ள உரிமையும், சாத்திய பிறகு தீராத பொழுதும் தேவைப்பட்டன.

இரண்டாமவருக்கு அறை கிடையாது. விவியன் மேயர் 1926இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறு பிராயத்தில் கொஞ்ச காலம் தாயின் நாடான பிரான்சில். 1956இலிருந்து சிகாகோவில் பணக்கார வீடுகளில் குழந்தை பார்க்கும் ஆயா வேலை. குடியிருந்ததெல்லாம் பிறர் வீடு. அவருடையது என்று இருந்தது பெட்டிகள்தான். பெட்டிகளுக்குள் லட்சத்துக்கு மேற்பட்ட நெகடிவ்கள். அதில் கழுவப்படாத ரோல்களே நூற்றுக்கணக்கில். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவெல்லாம் சுற்றி எடுத்தவை. 1959-60இல் தனியாக உலகம் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்.

அவர் தன்னை எடுத்துக்கொண்டது கடை ஜன்னல்களில், காரின் சக்கர மூடியில், தொழிலாளி ஒருவன் தூக்கிச் செல்லும் கண்ணாடியில், புல்தரை மேல் நீளும் தன் நிழலில். கருவியும் இதற்கு ஒத்துழைத்தது. ரோலைஃபிளெக்ஸ் வயிற்றருகே தொங்கும் பெட்டி. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். பிம்பம் இடவலம் மாறித் தெரியும். 35 எம்.எம். காமிரா மாதிரி முகத்தை மறைக்காது. எனவே கண்ணாடியில் விழும் மேயரின் முகம் நம்மையும் பார்ப்பதில்லை, தன்னையும் ரசிப்பதில்லை, வேறெங்கோ பார்க்கிறது. தெருவில் ஊரார் முகங்களைக் கேட்காமல் எடுக்கிற ஒருவர், தன்னையும் அதே தெருவில், அதே வெளிச்சத்தில் ஒப்படைக்கிறார். இது அழகு பார்ப்பதல்ல, தான் நின்ற இடத்துக்குக் கணக்குக் கொடுப்பது. சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருக்கும்போது நிழல், ஆளுக்கு முன்பாகவே போய் எதிராளியைத் தொட்டுவிடுகிறது. தெருப்படத்தின் தர்மசங்கடம் முழுதும் அந்த நிழலில் இருக்கிறது.

பெரும்பாலானவற்றை அவர் யாருக்கும் காட்டவில்லை. (முந்நூறு பிரதி அச்சிட்டுப் பாதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கும் நமக்கு இது அன்னியமல்ல.) 2007இல் வாடகை பாக்கிக்காகப் பெட்டிகள் ஏலம் போயின. 2009 ஏப்ரலில் அவர் இறந்தார். புகழ் அதற்குப் பிறகு வந்தது. உரிமை வழக்கும் வந்தது. எந்த நெகடிவைப் பிரதி எடுப்பது, எதை விடுவது என்று முன்பின் அறியாதவர்கள் தீர்மானித்தார்கள். வாழ்நாளெல்லாம் கேட்காமல் எடுத்தவரைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்க்கக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அது நியாயம் என்று மட்டும் சொல்ல வரவில்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு காமிரா உண்டு. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். குண்டில் போட்டோகிராபர் செத்தார், காமிரா பிழைத்தது. அதிலிருந்த பத்துப் படங்கள் வழக்கின் சாட்சியமாயின. ராஜீவ் காந்தி இருக்கிறார், மாலையோடு காத்திருந்தவள் இருக்கிறாள், கூட்டம் இருக்கிறது. எடுத்தவர் மட்டும் இல்லை. அவர் எங்கே நின்றார் என்பதை மற்றவர்கள் நின்ற இடத்தை வைத்துத்தான் ஊகிக்க முடிகிறது. பெங்களூர் ரோடில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வருகிறது.

பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களும் அறை இல்லாதவர்கள். ஹாஸ்டலில் பல பேருக்கு ஒரு அறை. ஒருத்தி படுத்த இடத்தில் ஷிப்ட் மாறி இன்னொருத்தி படுக்கிறாள். போனில் காமிராவைப் பொருத்துகிற கைகள் இவர்களில் சிலருடையவை. போன வாரம் டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். ஒரு பெண் போனை உயர்த்தித் தன்னை எடுத்துக்கொண்டாள். அவள் தோளுக்குப் பின்னால், கையில் கிளாஸோடு நானும் விழுந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. எனக்கும் ஆட்சேபணை இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.